விடுதியில் இருந்துகொண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி, கான்பூர், பாட்னா, கரக்பூர் என்று வடக்கேயும் கிழக்கேயும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும், அவர்களை ரயிலேற்றிவிட்டு வீட்டில் இருக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நானும் அப்படி ஒரு விடுதியில் இருந்து படித்தவன்தான். அங்கே பார்த்தது, செய்தது, மற்றவர்கள் சொல்லிக் கொடுத்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள்.

நல்ல கல்லூரி, நல்ல நண்பர்கள், எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ரசம் நினைப்பு வந்தால் கண் கலங்குகிறது. இது சின்னப்பிள்ளைத்தனமா?

இல்லை. மூக்கில் படும் மணம் மூளைக்குள் போகும் வழியே வேறு. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் உள்ளே போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் யாரோ பெருங்காய டப்பாவைத் திறந்தால், என்ன வாசம் என்று யோசிப்பதற்குள் அம்மா அடுப்படியில் நிற்பது தெரிகிறது.

பதினேழு, பதினெட்டு வருடம் ஒரே கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ஒரே நாளில் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஏக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். முதல் பருவத்தில் கடுமையாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்புறம் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. காய்ச்சலில் படுத்திருக்கும்போதும், தேர்வு முடிந்த அன்று இரவும் திரும்ப வரும்.

மெஸ் சாப்பாடு மோசமில்லை. பருப்பு, சப்ஜி, ரொட்டி, சோறு எல்லாம் போடுகிறார்கள். வயிறு நிறைகிறது, ஆனால் சாப்பிட்ட திருப்தி இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பலரும் ‘காரம் இல்லை’ என்று பதில் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டால் காரம் வந்துவிடும். உண்மையில் குறைவது புளிப்பு.

நம் வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், ஊறுகாய் என்று எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் புளிப்பு. கடைசிக் கவளம்கூடத் தயிர் சாதம்தான். வடக்கே பருப்பில் புளி விடுகிற வழக்கம் இல்லை. தக்காளி போடுவார்கள், சில கறிகளில் ஆம்சூர் என்ற மாங்காய்த் தூள் தூவுவார்கள், அவ்வளவுதான். வியாழக்கிழமை ‘சாம்பார்’ என்று எழுதிப்போட்டு வரும் குழம்பு கெட்டியான பருப்பாக, லேசான தித்திப்போடு இருப்பதற்கும் இதுதான் காரணம். மஞ்சள் நிறமும் முருங்கைக்காயும் இருக்கும், புளி இருக்காது.

இரண்டாவது சோறு. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துவதால் அதன் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுகிறது. அந்தச் சோறு குழம்பை வாங்கிக்கொண்டும் குழையாமல் நிற்கும். மெஸ்ஸில் வருவது பெரும்பாலும் நீளமான பச்சரிசி. அதில் ரசத்தை ஊற்றினால் ரசம் தட்டில் ஓடும், சோறு தனியாக நிற்கும்.

மூன்றாவது எண்ணெய். பீகார், வங்காளப் பக்கம் கடுகெண்ணெய்தான். அந்த மூக்கைப் பிடிக்கும் நெடி முதல் மாதம் பிடிக்காது. புகை வரும்வரை காய்ச்சினால் நெடி அடங்கிவிடும் என்பது அங்குள்ள சமையல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் காய்ச்சாமல் தாளிக்கும் நாளில்தான் நமக்குத் தொண்டையில் நிற்கிறது. அந்த எண்ணெய்க்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்றே சொல்வேன். மீனுக்கு அதைப்போலப் பொருந்தும் எண்ணெய் குறைவு.

சரி, ஊரிலிருந்து எதைக் கொண்டு போவது?

முறுக்கும் அதிரசமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவை விடுதி போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் காப்பாற்றுவது புளிக்காய்ச்சலும் பொடியும்தான்.

ஒரே ஒரு பொருள்தான் எடுத்துப் போகலாம் என்றால் நான் புளிக்காய்ச்சலைத்தான் சொல்வேன். கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். கால் லிட்டர் நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூள், உப்பு போட்டு, புளிக்கரைசலை ஊற்றிச் சின்னத் தீயில் வற்றவிட வேண்டும். கரைசல் சுருண்டு, எண்ணெய் பிரிந்து ஓரமாகக் கசிந்து நிற்கும். கரண்டியால் இழுத்தால் தடம் மூடாமல் நிற்கும். அந்தப் பதம் வந்ததும் வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் துளி வெல்லத்தையும் சேர்த்து இறக்கிவிடலாம். தேங்காய், வெங்காயம் கூடாது. வேர்க்கடலையைத் தனியாக வறுத்துக் கொடுத்துவிடுங்கள், உள்ளே போட்டால் நமத்துவிடும். தண்ணீர் வற்றியிருப்பதும், புளியின் அமிலமும், மேலே நிற்கும் எண்ணெயும்தான் இதைக் கெடாமல் வைக்கின்றன. ஈரக் கரண்டி பட்டால் மட்டும் பூஞ்சை வந்துவிடும்.

அடுத்து பருப்புப்பொடி. துவரம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, பொட்டுக்கடலை, மிளகு, சீரகம், மிளகாய், உப்பு சேர்த்து அரைத்தது. கருவேப்பிலைப் பொடி, எள்ளுப்பொடி, கொள்ளுப்பொடி என்று உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. ஆறவிட்டு டப்பாவில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிக்கொள்ளும். கொப்பரை சேர்த்த பொடி சீக்கிரம் சிக்கடிக்கும் என்பதால் அதைக் குறைவாகக் கொடுங்கள். தக்காளித் தொக்கில் ஈரம் அதிகம், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கட்டாயம். குளிரில் நெய் கல்லாகிவிடும், தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். நல்லெண்ணெய் ஜனவரியிலும் ஊற்றினால் ஊற்றும்.

ரயிலில், விமானத்தில் கொண்டுபோவதில் ஏதாவது சிக்கல் உண்டா?

ரயிலில் ஒன்றும் இல்லை. பாட்டில் கவிழ்ந்தால் துணியெல்லாம் போச்சு, அது ஒன்றுதான். மூடிக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி, எவர்சில்வர் தூக்கில் நிமிர்த்தி வையுங்கள். விமானத்தில் ஊறுகாய், தொக்கு, எண்ணெய் எல்லாம் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள். கொப்பரையைக் கொண்டுபோகவே வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத் துறை அதைத் தனியாகவே பட்டியலிட்டிருக்கிறது.

வழிச் சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் போகும். முதல் இரவுக்கு இட்லி, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியது. மறுநாள் காலைக்கும் அதுவே தாங்கும். மதியத்துக்குப் புளியோதரை. தயிர் சாதம் கொடுப்பதென்றால், சோற்றைக் குழைத்துப் பால் ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்து கொடுங்கள். நாக்பூர் தாண்டும்போது பதமாக உறைந்திருக்கும்.

மெஸ் சாப்பாட்டையே நம் வாய்க்கு எப்படித் திருப்புவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வடக்கத்திச் சாப்பாட்டில் நம் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

கிச்சடி போடும் நாளை விடாதீர்கள். அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்ததுதான் அது. ஊரிலிருந்து மிளகையும் சீரகத்தையும் நெய்யில் பொரித்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வந்திருந்தால், அதில் ஒரு கரண்டியை மேலே போட்டுக் கிளறுங்கள். வெண்பொங்கல்தான். ‘கடி’ என்ற குழம்பு வந்தால் அது மோர்க்குழம்பின் உறவு. தயிரும் கடலைமாவும் சேர்த்துக் கொதிக்கவைத்தது, நம் வீட்டுத் தேங்காய் மட்டும் இல்லை. கத்தரிக்காயைச் சுட்டு மசித்த பர்த்தா, சோக்கா எல்லாம் நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்குப் பக்கத்து வீடு. அதில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் போதும்.

தினமும் வரும் அரஹர் தால் என்பது துவரம்பருப்புதான். அதில் அரைக் கரண்டி புளிக்காய்ச்சலைக் கரைத்துவிடுங்கள். சாம்பார் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள், ஆனால் நாக்கு ஒத்துக்கொள்ளும். பச்சரிசிச் சோறு உதிரியாக இருக்கிறதா? சூடாக வாங்கி, இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துத் தட்டால் மூடிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் பிசைகிற பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஒரு அப்பளம். அப்பளத்தை மெஸ்காரரிடம் கொடுத்து, “பையா, இதைக் கொஞ்சம் தீயில் காட்டித் தர முடியுமா?” என்று தெரிந்த இந்தியில் கேட்டுப் பாருங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. அவர்களும் பலர் ஊரையும் வீட்டையும் விட்டு வந்து வேலை செய்கிறவர்கள்தான்.

அறையில் சமைக்கலாமா? கெட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் விடுதி விதியைப் பாருங்கள். பல விடுதிகளில் ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. அறையில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடத்தில் நாலு அறையில் ஒரே நேரத்தில் போட்டால் ஒயர் சூடாகும். கெட்டிலுக்கு அனுமதி உண்டென்றால் 1000 வாட்டுக்குள் வாங்குங்கள், அது நாலரை ஆம்பியருக்குள் அடங்கும். அதில் தண்ணீரை மட்டும் கொதிக்கவிடுங்கள். பால் பொங்கி அடியில் போனால் கெட்டில் கெட்டது.

வெந்நீர் ஒன்று கிடைத்தாலே நிறையச் செய்யலாம். மெல்லிய அவலை டிபன் பாக்ஸில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் விட்டு மூடி, ஊறியதும் மிச்சத் தண்ணீரை வடித்துப் புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளி அவல். ரசத்துக்கு: வறுத்த துவரம்பருப்பு, மல்லி, மிளகு, சீரகம், பெருங்காயத்தோடு, வாணலியில் ஈரம் போக வாட்டிய புளியையும் உப்பையும் சேர்த்து அரைத்த பொடியை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், மூடி வைக்க வேண்டும். சளி பிடித்த ராத்திரிக்கு அது போதும்.

தயிர்?

கடையில் கிடைக்கும் தஹி நன்றாகவே இருக்கும், புளிப்புதான் குறைவு. வெயில் காலத்தில் காலையில் வாங்கி வெளியே வைத்தால் இரவுக்குச் சரியாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் ராத்திரிக் குளிர் 5 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். வெளியே வைத்தாலும் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தது போலத்தான். அந்த மாதங்களில் துளி எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளுங்கள்.

என் சாப்பாட்டு வாசனை ரூம்மேட்டுக்குப் பிடிக்கவில்லை. கருவாட்டுத் தொக்கைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

கருவாட்டுக்காக வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் மூடிய அறையில், குளிர்காலத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தால் யாருக்குமே சிரமம்தான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் கூட இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், தனி டப்பா, தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள், மொட்டைமாடிக்கோ மெஸ்ஸுக்கோ எடுத்துப் போங்கள். அதே நேரம், அவர் வீட்டிலிருந்து வந்த டப்பாவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். எங்கள் தளத்தில் ஆந்திராக்காரர் கோங்குரா கொண்டுவருவார், பீகார்க்காரர் ‘சத்து’ என்ற வறுத்த கடலை மாவும் கடுகெண்ணெய் ஊறுகாயும், வங்காளத்துக்காரர் குளிர்காலத்தில் ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு. ஞாயிறு இரவு மெஸ் மூடியிருக்கும்போது செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் நடுவில் வைப்போம். என் புளிக்காய்ச்சல் பாட்டிலை வழித்து முடித்தவர் பாட்னாக்காரர்.

நான் தமிழ்நாட்டுக்குள்ளேயே, சென்னையில்தான் படிக்கிறேன். எனக்கும் ஏக்கம் வருகிறது. வரலாமா?

ஏன் வரக்கூடாது? திருநெல்வேலிப் பிள்ளைக்குச் சொதியும், உளுந்தஞ்சோறும், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும் சென்னை மெஸ்ஸில் யார் செய்து தருவார்கள்? கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்கு அரிசிம்பருப்பும் சந்தகையும்? நாகர்கோவில்காரருக்குத் தேங்காய் அரைத்த மீன்குழம்பு இல்லாமல் வாரம் ஓடாது. ‘தமிழ்ச் சாப்பாடுதானே போடுகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். உங்களுக்கு ஒரு வசதி, ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வீடு. பஸ்ஸில் ஊரிலிருந்து வரும் நண்பர் கையில் டப்பா கொடுத்தனுப்பலாம்.

வடக்கே நம் சாப்பாடு வெளியில் எங்கே கிடைக்கும்?

டெல்லியில் ஆர்.கே.புரம், அங்கே மலை மந்திர் முருகன் கோயிலைச் சுற்றி நம் ஆட்கள் நிறைய. கரோல் பாக்கிலும் அப்படியே. மும்பையில் மாட்டுங்காவுக்குப் போனால் முருங்கைக்காய், வாழைப்பூ, வாழையிலை எல்லாம் தெருவிலேயே கிடைக்கும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், புனேயில் ராஸ்தா பேட். மாதம் ஒருமுறை போனால் போதும். இலை போட்ட சாப்பாட்டை விட, திரும்பி வரும்போது வாங்கிவரும் கால் கிலோ புளியும் ஒரு கட்டி பெருங்காயமும்தான் அதிக நாள் வரும்.

மகள் போனில் ‘சாப்பிட்டேன்’ என்கிறாள், குரல் சரியில்லை. பெற்றோர் என்ன செய்வது?

‘சாப்பிட்டாயா’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். ‘இன்று மெஸ்ஸில் என்ன போட்டார்கள், எது பிடித்தது’ என்று கேளுங்கள். வீட்டில் நண்டு வறுத்த அன்று படம் எடுத்து அனுப்புவதைச் சில பிள்ளைகள் விரும்புவார்கள், சிலருக்கு அது வேதனை. கேட்டுவிட்டு அனுப்புங்கள். ‘எதையாவது சாப்பிட்டுப் பழகு’ என்று மட்டும் சொல்லவேண்டாம். ரசம் வைப்பது எப்படி என்று அவளே கேட்டால், அளவோடு நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். ‘கண் அளவுதான்’ என்று சொன்னால் விடுதியில் இருப்பவளுக்கு உதவாது.

வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. ராஜ்மா, சோலே சாப்பிட்டால் உப்புசம்.

பழகாத வயிற்றுக்கு அப்படித்தான். பயறு வகைகளில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைக் குடல் நுண்ணுயிரிகள் புளிக்கவைப்பதால் வாயு வருகிறது. கொஞ்சமாகத் தொடங்கி மெதுவாக அளவைக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரவில் மோரில் பெருங்காயமும் சுக்கும் தட்டிப் போட்டுக் குடித்தால் இதமாக இருக்கும்.

எப்போது இதைச் சாதாரண ஏக்கம் என்று விடக்கூடாது?

எடை குறைந்துகொண்டே போனால், வாரக்கணக்கில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்கள் என்றால், பிடித்த டப்பா வந்தும் திறக்கத் தோன்றவில்லை என்றால், தூக்கமும் படிப்பும் சேர்ந்து கெட்டால், அது சாப்பாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கல்லூரி மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். 14416 என்ற எண் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

மெஸ்ஸில் சொல்லி எதையாவது மாற்ற முடியுமா?

முடியும், கேட்கிற விதத்தில் கேட்டால். பெரும்பாலான விடுதிகளில் மாணவர்களே இருக்கும் மெஸ் கமிட்டி உண்டு. ‘தென்னிந்திய உணவு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் மறுபடி ஒரு தடித்த தோசைதான் வரும். முந்நூறு பேருக்கு இட்லி மாவு அரைத்து, குளிரில் பொங்கவைப்பது அந்தச் சமையலறைக்குப் பெரிய வேலை. செலவும் வேலையும் கூடாத ஒன்றைக் கேளுங்கள். தயிர் சாதம் அப்படிப்பட்டது. மிஞ்சும் சோறு, தயிர், உப்பு, கடுகு தாளிப்பு. ஒரு நாள் சமையல்காரருக்குப் பக்கத்தில் நின்று, சோற்றைச் சூட்டோடு மசிப்பதையும், ஆறிய பிறகுதான் தயிர் விடவேண்டும் என்பதையும் செய்து காட்டுங்கள். கறிவேப்பிலை வடக்கே சந்தையில் கடி பத்தா என்று கேட்டால் கொடுப்பார்கள். பரிமாறும் முதல் நாள் மெஸ் வாசலில் நின்று, வடக்கத்தி நண்பர்கள் தட்டில் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்துச் சாப்பிட வையுங்கள். வெயில் காலத்தில் ஆரம்பிப்பது நல்லது. மே மாத டெல்லியில் தயிர் சாதத்தை வேண்டாம் என்று சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.